மூன்றாவது பூரி

2023 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் பூரி பொரித்துக்கொண்டிருந்தேன். 11 வயது மகள் தட்டோடு வந்து நின்று மூன்றாவது பூரிக்குக் கை நீட்டினாள். "போதும், வை. என்னை மாதிரி ஆகணுமா?" என்றேன். கோபத்தில் சொன்னதுகூட இல்லை. எண்ணெய்ச் சட்டியில் கண்ணை வைத்தபடி, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் பூரியைத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

உடம்பைக் குறைக்க வேண்டுமென்று ஏழெட்டு வருடம் நான் பட்ட பாட்டில் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். அவற்றிலெல்லாம் பெரிய தவறு இந்த ஒரு வரிதான். அது எங்கிருந்து வந்தது, அதற்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல ஒரு கையில் கரண்டியும் மறு கையில் ரயில் பாஸுமாக ஓடுகிற யாருக்காவது உதவலாம்.

அப்போது எனக்கு 41 வயது. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் விடியற்காலை கிளம்புவார், அடுத்த வாரம் நள்ளிரவில் வருவார். மகன் அப்போது பத்தாம் வகுப்பு. அத்தைக்கு 70 வயது, மூட்டுவலி. காலை 4.45க்கு எழுந்தால்தான் இட்லி, சாதம், குழம்பு, பொரியல் என்று முடித்து, நான்கு டப்பா கட்டி, எட்டு மணி வாக்கில் சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க முடியும். சாயங்காலம் வீடு வந்து சேர ஏழு மணியாகும்.

வந்ததும் முதல் வேலை, பிள்ளைகளின் டிபன் டப்பாவைத் திறந்து கழுவப் போடுவது. பாதிச் சப்பாத்தி இருக்கும், காய்ந்துபோன தயிர்சாதம் இருக்கும். குப்பையில் கொட்ட மனசு வராது. ஸிங்க் பக்கத்தில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வேன். இரவு எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டிய கூட்டு, யாரும் தொடாத கடைசித் தோசை. இதெல்லாம் போக என் தட்டு தனி. "நான் என்ன பெருசா சாப்பிடறேன், காத்தைக் குடிச்சாலும் உடம்பு ஏறுது" என்று அலுவலகத்தில் சொல்வேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றியதே இல்லை. நின்றுகொண்டு தின்றது எனக்குச் சாப்பாட்டுக் கணக்கிலேயே வந்ததில்லை.

மூன்று முறை பெரிதாக முயன்றிருக்கிறேன். முதல் முறை, ஜிம்மில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். அதிகாலை ஐந்தரை மணி பேட்ச். 19 நாள் போனேன். இருபதாம் நாள் கணவருக்குக் காலை ஷிப்ட் வந்தது. அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்க வேறு ஆளில்லை. இரண்டாம் முறை, அரிசியை அடியோடு விட்டேன். வீட்டுக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல். தை பிறந்து வெண்பொங்கல் மணத்ததும் அந்த விரதம் முடிந்தது. மூன்றாம் முறை யாரிடமும் சொல்லவில்லை. "ஆபீஸ்லயே சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லி ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்த்தேன். பதினோரு மணிக்கு வீடு அடங்கிய பிறகு பிரிட்ஜைத் திறந்து, விளக்குப் போடாமல் சாப்பிட்டேன்.

இப்போது யோசித்தால் மூன்றுக்கும் ஒரே முகம்தான். தனி நேரம், தனிச் சமையல், தனிப் பொய். வீட்டை விட்டு விலகினால்தான் இளைக்க முடியும் என்று நம்பியிருந்தேன். வீடு ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்ப இழுத்தது. இழுத்த வீட்டின் மேல் எரிச்சல், தோற்ற என் மேல் வெறுப்பு. பிரிட்ஜ் கதவில் 74 என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். கண்ணாடி முன் நின்று என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொள்வேன். உறைக்கிற மாதிரி திட்டினால்தான் புத்தி வரும், அதற்குப் பெயர்தான் ஊக்கம் என்று நினைத்தேன். திட்டித் திட்டிப் பழகிய நாக்குதான் அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணின் மேல் திரும்பியது.

அதற்குப் பிறகு அவள் எதை எடுக்கும் முன்னாலும் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பாள். கவனித்தேன். அடக்கம் வந்துவிட்டது என்று உள்ளுக்குள் நிம்மதிகூடப் பட்டேன். டிபன் டப்பா காலியாக வந்தது, சந்தோஷப்பட்டேன். ஆகஸ்டில் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. பிரேயரில் நின்றவள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள், வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். எழும்பூரிலிருந்து சானடோரியம் வரை ரயிலில் எப்படி உட்கார்ந்து வந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பால் ஆற்றிக் கொடுத்துக் கேட்டேன். டப்பாவைத் தினமும் தோழிக்குக் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் அழவில்லை. எனக்குத் தைரியம் சொல்கிற குரலில் சொன்னாள்: "நான் குண்டாக மாட்டேன்மா. நீ கவலைப்படாதே."

அன்று மாலை பக்கத்துத் தெரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். பெண்ணுக்குக் கொஞ்சம் ரத்தசோகை. நேரத்துக்குச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கடைசியா சுகர் எப்போ பார்த்தீங்க?" என்றார். பார்த்ததே இல்லை. எழுதிக் கொடுத்தார். மூன்று மாதச் சராசரி 6.1 என்று வந்தது. 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். இந்தியப் பெண்களுக்கு 80ஐத் தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது என்றார். நம் உடம்பு வாகுக்கு பி.எம்.ஐ. 23க்கு மேல் போனாலே அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன். என் கணக்கு 31ஐ நெருங்கியிருந்தது.

நான் அழ ஆரம்பித்தேன். "எத்தனை கிலோ குறைக்கணும் டாக்டர்?" என்று கேட்டேன். அவர் எடையை விட்டுவிட்டு ஓர் ஆராய்ச்சியைச் சொன்னார். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து நடத்தி 2006ல் வெளியிட்டது. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். தொடர் ஆலோசனை பெறாத பிரிவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நட, சாப்பாட்டைச் சீராக்கு என்று சொல்லித் தொடர்ந்து கவனித்த பிரிவில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. "இதுல முக்கியமான விஷயம் என்ன தெரியுமா? அவங்களுக்கு எடை சொல்லிக்கிற மாதிரி குறையவே இல்லை. தராசு அசையலை. ஆனா உள்ளுக்குள்ள நோய் தள்ளிப் போச்சு. தராசைப் பார்த்துட்டு நடக்கறதை நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

என்னைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. தராசு அசையாத ஒவ்வொரு முறையும் நிறுத்தியவள் நான்.

*

அன்று ராத்திரி பெண்ணைத் தூங்க வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். பூரி எடுத்த கையை நிறுத்தியதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவருடைய அப்பா 1961ல் தாம்பரம் சானடோரியத்தில் காசநோய்க்காக ஒரு வருடத்துக்கு மேல் படுத்திருந்தவர். அப்போது அத்தைக்கு எட்டு வயது. அம்மாவும் பெண்ணும் சைதாப்பேட்டையிலிருந்து ரயிலேறி, அவித்த முட்டையும் பாலும் எடுத்துக்கொண்டு பார்க்க வருவார்களாம். "அங்க எடை பார்த்து எழுதுவாங்க. அரை கிலோ ஏறியிருந்தா அம்மா வழியில பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பா. இறங்கியிருந்தா வீடு வரைக்கும் பேச மாட்டா. உடம்பு போட்டிருக்குன்னா உசிரு இருக்குன்னு அர்த்தம்மா எங்களுக்கு. உடம்பு இளைக்கணும்னு ஒருத்தி அழறதை நான் இப்பத்தான் பார்க்கறேன்."

பதினேழு வருடமாக, "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்று அவர் சொல்லும்போதெல்லாம் என் முயற்சியைக் கெடுக்கிறார் என்றே எண்ணியிருந்தேன். அந்தக் கரண்டிக்குப் பின்னால் எட்டு வயதுப் பெண்ணின் பயம் இருந்தது எனக்குத் தெரியாது.

தினமும் நான் ரயிலேறும் ஸ்டேஷனின் பெயரே அந்த மருத்துவமனையிலிருந்து வந்ததுதான். 1928ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து நிறுவியது. காசநோய்க்கு மருந்தில்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, இவைதான் சிகிச்சை. அத்தை சொன்னதைக் கேட்ட பிறகு அந்தக் காலத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததில் ஒரு செய்தி என்னைப் பிடித்து நிறுத்தியது.

1956ல் சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் ஒன்று தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. ரயில் எழும்பூரை நெருங்கும்போது வருமே, அதே சேத்துப்பட்டு. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே, அதே நெரிசலில், அதே வேலைகளுக்கு நடுவில், அதே எளிய சாப்பாட்டோடு, அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகமாக ஏறியது. ஆனால் நோய் குணமானதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1959ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. மருந்து விடாமல் உள்ளே போகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும்.

நோய் வேறு, என் பிரச்சினை வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் படித்துக்கொண்டிருந்தபோது என் மூன்று தோல்விகளும் கண்முன் வந்தன. நான் தேடியதெல்லாம் ஒரு சானடோரியம். வீட்டுத் தொல்லை இல்லாத இடம், வீட்டுத் தொல்லை இல்லாத ஒரு மணி நேரம். எனக்கு அது கிடைக்கப் போவதில்லை. கிடைக்காமலேயே குணமான மனிதர்கள் இதே ஊரில் இருந்திருக்கிறார்கள்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். முதலில் மகளிடம் சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உன் உடம்புல எந்தக் குறையும் இல்லை. என் மேல எனக்கிருந்த கோபத்தை உன் மேல காட்டிட்டேன்." அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். பிள்ளைகள் மன்னித்துவிடுகிறார்கள், நம்புவதற்குத்தான் நாளாகிறது.

பிறகு என் ரத்தப் பரிசோதனைத் தாளை நடுவில் வைத்தேன். "எனக்குச் சர்க்கரை வரப் போகுது. தனியா பண்ணிப் பார்த்தேன், முடியலை. எனக்கு நீங்க வேணும்" என்றேன். இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஏழெட்டு வருடம் ஆகியிருக்கிறது. கேட்டால் சிறுமை என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு எல்லாம் செய்கிறவள் வீட்டிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. கணவர் தாளை எடுத்து இரண்டு முறை படித்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அன்று இரண்டு முடிவு எடுத்தோம். இந்த வீட்டில் யாரும் யார் தட்டையும் பார்த்துப் பேசக் கூடாது, யார் உடம்பையும் பற்றிப் பேசக் கூடாது. பிரிட்ஜிலிருந்த 74ஐ மகனே கிழித்தான். எடை மெஷின் பரணுக்குப் போனது. இரண்டாவது, எனக்கென்று தனியாக எதுவும் சமைப்பதில்லை. மாறுவதானால் எல்லார் தட்டும் சேர்ந்து மாறட்டும்.

எங்கே தொடங்குவது என்று பார்த்தபோது கண்ணில் பட்டது எண்ணெய். மளிகைச் சீட்டை எடுத்துக் கூட்டினோம். ஐந்து பேருக்கு மாதம் ஏழு லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 கிராம். அதை நாலரை லிட்டராக்கினால் ஆளுக்கு ஏறக்குறைய 27 கிராம் வரும். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும், 2,000 கலோரி உணவுக்கு இதே அளவைத்தான் பிறகு பார்த்தேன். ஒரு கிராம் எண்ணெயில் ஒன்பது கலோரி. மிச்சமாகும் இரண்டரை லிட்டரில் என் பங்கு மட்டும் மாதத்துக்கு 4,000 கலோரிக்கு மேல். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. அதாவது ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்காமல், கணக்குப்படி மாதம் அரை கிலோ. உடம்பு கணக்குப்படி நடப்பதில்லை என்றாலும் திசை சரி.

நாலரை லிட்டரை 30 நாளுக்குப் பிரித்தால் தினம் 150 மில்லி. அத்தையின் காபி டம்ளர் சரியாக அந்த அளவு. அவரே பொறுப்பை எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் ஒரு டம்ளர் எண்ணெயைத் தூக்கில் ஊற்றி அடுப்புப் பக்கத்தில் வைப்பார். அன்றைய தாளிப்பு, பொரியல், தோசை எல்லாம் அதற்குள். மிச்சப்பட்டால் அப்படியே சேரும். சேர்ந்தால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பூரி. பூரியை வீட்டை விட்டுத் துரத்தவில்லை. அதற்கு ஒரு நாள் குறித்தோம். பிள்ளைகள் அந்த நாளுக்காகத் தூக்கை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சாதத்தை நான் விடவில்லை. பரிமாறும் வரிசையை மாற்றினோம். முதலில் பொரியலும் கூட்டும் தட்டில் விழும், பிறகு சாதம். டாக்டர் வி. மோகன் குழுவினரின் சென்னை ஆய்வொன்றில், நகர மக்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய அரிசி போன்ற தானியங்களிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பாதிக்கு மேலேயே இருந்திருக்கும். காய் நறுக்க நேரமில்லை என்பதுதான் காரணம். ராத்திரி ஒன்பது மணிச் செய்தி ஓடும்போது கணவரும் மகனும் ஆளுக்கொரு கத்தியோடு உட்கார்ந்தார்கள். மறுநாள் பொரியலுக்கான பீன்ஸும் கோஸும் அங்கேயே தயாராயின.

மிச்சத்துக்கும் வழி கண்டோம். அவரவர் டப்பாவை அவரவர் திறந்து கழுவ வேண்டும். இவ்வளவுதான். என் சாயங்கால ஸிங்க் சாப்பாடு முதல் வாரத்திலேயே நின்றுபோனது. நான் எதையும் அடக்கிக்கொள்ளவில்லை. டப்பா என் கைக்கு வரவில்லை, அவ்வளவே. ராத்திரி எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். தோசையை மட்டும் முறை வைத்துச் சுட்டோம். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் என் வீட்டில் நான் சூடான தோசை சாப்பிட்டது அப்போதுதான்.

நடைக்குத் தனி நேரம் தேடவில்லை. வீட்டிலிருந்து சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தவள் நடந்து போனேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். காலை இருபது நிமிடம் எங்கிருந்து வந்தது? டப்பா கட்டும் வேலையைக் கணவரும் மகனும் ஷிப்டைப் பொறுத்து மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டதிலிருந்து. ஆட்டோக் காசு ஓர் உண்டியலில் விழுந்தது. முதல் மூன்று மாதக் காசில் நல்ல ஷூ ஒன்று வாங்கினேன்.

எடை மெஷின் இல்லாத வீட்டில் அளவு என்ன? அத்தை பூக்கட்டும் நூலை எடுத்து வந்தார். என் இடுப்பைச் சுற்றி, தொட்ட இடத்தில் ஒரு முடிச்சு. மாதம் ஒருமுறை, அமாவாசைக்கு மறுநாள் அளப்பது. முதல் மாதம் முடிச்சு நகரவே இல்லை. இரண்டாம் மாதம் ஒரு விரற்கடை உள்ளே வந்தது. அதைப் பார்த்ததும் அத்தை சிரித்த சிரிப்பில், அறுபது வருடத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்த அவர் அம்மாவை நான் பார்த்தேன்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையோடு சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குப் போவேன். 2019ல் சென்னை தண்ணீரில்லாமல் தவித்த கோடையில் ஊர்க்காரர்கள் இறங்கிக் குப்பை அள்ளிய ஏரி அது. பிறகு அரசுப் பணத்தில் தூர்வாரிச் சீரமைத்தார்கள். இப்போது விடிந்தால் கரை நிறைய ஆள். திருமங்கலம் ஏசியாட் காலனிக் கதையை அங்கே அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மோகன் குழுவினர் அங்கே போய்ச் சர்க்கரை நோய் பற்றி எடுத்துச் சொன்ன பிறகு, குடியிருப்புவாசிகளே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் அங்கே முன்பு 14 சதவீதம்; சில வருடங்களில் 59 சதவீதத்தைத் தொட்டது. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மன உறுதி வந்திருக்க முடியாது. கால் வைக்க இடம் வந்தது, கூட நடக்க ஆள் வந்தது.

எல்லாம் நேராகப் போனது என்று சொன்னால் பொய். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள் கரண்ட் இல்லை. ரவையும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு. தண்ணீர் வடிந்தும் தெரு நடக்கிற மாதிரி இல்லை. அது முடிந்து பொங்கல், பிறகு சொந்தத்தில் கல்யாணம். பிப்ரவரியில் நூலைச் சுற்றியபோது கடைசி முடிச்சுகள் இரண்டும் எட்டவில்லை. பழைய குரல் உடனே வந்தது: உன்னால் எதுவும் முடியாது. முன்பெல்லாம் அந்தக் குரல் வந்த இடத்தில்தான் நான் நிறுத்துவேன்.

இந்த முறையும் என் மனசு நிறுத்தத்தான் செய்தது. அதைச் சொல்ல வேண்டும். ஆனால் மறுநாள் காலை தூக்கில் 150 மில்லி எண்ணெய் இருந்தது. ராத்திரி பீன்ஸ் நறுக்கியிருந்தது. மகன் டப்பா கட்டிவிட்டு, "அம்மா, மணி ஏழரை, நடக்கலையா?" என்று கேட்டான். எனக்கு ஊக்கம் இல்லாத நாளில் வீட்டுக்கு இருந்தது. அத்தை முடிச்சுகளைப் பிரிக்கவில்லை. "தை போச்சு, மாசி பார்த்துக்கலாம்" என்று நூலைச் சுற்றி டப்பாவில் வைத்தார்.

எனக்குக் கேட்டதும் கிடைத்தது. எல்லா வீட்டிலும் அப்படிக் கிடைக்காது என்று தெரியும். என்னோடு லேடீஸ் பெட்டியில் வரும் தோழி ஒருத்தி, தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். "உனக்கு வீடு இருக்கு, எனக்கு யாரு?" என்று ஒரு நாள் கேட்டாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அன்று முதல் எழும்பூரில் இறங்கியதும் அவளும் நானும் சேர்ந்து அவள் அலுவலகம் வரை நடந்து, பிறகு நான் என் அலுவலகத்துக்குத் திரும்புகிறேன். இப்போது நாலு பேர் ஆகிவிட்டோம். ஒருத்தி வராத நாளில் இன்னொருத்தி போன் செய்கிறாள். சேத்துப்பட்டு ஆய்வில் வீட்டுக்குப் போய் மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்த செவிலியர்கள் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான் என்று நினைக்கிறேன். தனியாக இருப்பவர்களும் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ரகசியமாக எதையும் செய்யாதீர்கள். ரகசியமாகச் செய்வதை ரகசியமாகவே கைவிடவும் முடிந்துவிடுகிறது.

2024 நவம்பரில் டாக்டரம்மா எடை பார்த்தார்: 67.5 கிலோ. பதினைந்து மாதத்தில் ஆறரை கிலோ. இடுப்பு 98லிருந்து 89. மூன்று மாதச் சராசரி 5.8. இன்னும் 80 சென்டிமீட்டருக்கு ஒன்பது பாக்கி, சர்க்கரையின் எல்லைக்கோட்டிலிருந்து முழுக்க வெளியே வரவில்லை. விளம்பரத்தில் போடுகிற கணக்கு இல்லை இது. ஆனால் பழைய முயற்சிகளில் ஒன்றுகூட ஐம்பது நாளைத் தாண்டியதில்லை; இது பதினைந்து மாதம் நின்றிருக்கிறது.

என் பெண் மட்டும் வெகுநாள் வரை தட்டில் எதையும் எடுக்கும் முன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மன்னிப்புக் கேட்ட பிறகும், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பிறகும். அந்தப் பார்வை ஒவ்வொரு முறையும் என்னைக் குத்தியது. நான் எதுவும் சொல்லாமல் என் தட்டில் உள்ளதைச் சாப்பிடுவேன். அவள் கண்ணில் படும்படி, ரசித்துச் சாப்பிடுவேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூரி நாள். கணவர் மாவு பிசைந்தார், அத்தை தேய்த்தார், நான் பொரித்தேன். மகளுக்கு 12 வயது முடிந்திருந்தது. அண்ணனோடு ஏதோ கிரிக்கெட் வாதம். பேசிக்கொண்டே வந்து, தாம்பாளத்திலிருந்து மூன்றாவது பூரியை எடுத்து, கிழங்கை அள்ளி வைத்துக்கொண்டு, வாதத்தை விடாமல் கூடத்துக்குப் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.